இழுக்கச் சொன்ன கால்

ஆற்றோரப் பாதையின் தொடக்கத்தில் பச்சைப் பலகை ஒன்று நின்றது. 'எளிய நடைபாதை. குடும்பங்களுக்கும் புதிதாக நடக்கத் தொடங்குவோருக்கும் ஏற்றது. மேடு பள்ளம் கிடையாது' என்று அதில் எழுதியிருந்தார்கள். மீட்டரக்காவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஊரில் அவள் கால் படாத சந்து இல்லை. குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் படிக்கும் வேலை. வீட்டு வாசலில் இருக்கும் குழியின் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, மீட்டரின் முகத்தை ஈரத்துணியால் துடைத்து, எண்ணைப் படித்து, எழுந்து அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். நாய் துரத்தும். வெயில் மண்டையைப் பிளக்கும். "நாங்க ஊர்லயே இல்லையே, இவ்வளவு தண்ணியை யாரு குடிச்சது?" என்று வீட்டுக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்கள். "உங்க வீட்டுக் குழாய் குடிச்சிருக்கு, வாஷரை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடந்துகொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவளைப் பார்த்துப் புதிதாக நடக்கத் தொடங்குகிறவள் என்று ஒரு தகரம் சொல்வதா?

ஆனால் தகரம் சொன்னதில் பொய் இல்லை. மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவளின் இடது கையிலிருந்து சொம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள், பக்கவாதம் என்றார்கள், சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தாள் என்றார்கள். இடது பக்கம் மரக்கட்டையாகக் கிடந்தது. படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து வாசலுக்கு என்று அவள் வந்து சேர்வதற்குள் மழைக்காலமே முடியப்போனது.

அந்த நாட்களில் அவளைத் தூக்கியவன் மகன். ஒரே பிள்ளை. கைபேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை, நாள் முழுக்க முதலாளியின் வசவு. வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு அம்மாவைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போவான். சோற்றைக் குழைத்து ஊட்டுவான். தலை வாரிவிடுவான். அவன் போடும் சடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், ஆனாலும் அவள் அதை அவிழ்க்க மாட்டாள். இதை எல்லாம் அவள் மறக்கவில்லை. மறக்க முடியாததுதான் பின்னால் வந்த சண்டையைக் கடினமாக்கியது.

புருஷன் கண்ணாடிக்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுவார், படத்துக்குச் சட்டம் போடுவார், கடைகளுக்குக் கண்ணாடியின் பின்பக்கம் பெயர் எழுதிக் கொடுப்பார். முன்னால் நின்று பார்ப்பவனுக்கு நேராகத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் இருப்பவன் ஒவ்வொரு எழுத்தையும் புரட்டிப் போட வேண்டும். அவருக்கு அது தண்ணீர்பட்ட பாடு. மனைவி விழுந்த நாளிலிருந்து அவர் அவளையும் ஒரு பெரிய கண்ணாடித் தகடு போலவே நடத்தினார். மெல்லப் பிடி, சாய்த்து வை, யாரும் பக்கத்தில் ஓடாதே என்று கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்வார்.

இந்த நேரத்தில்தான் கண்ணாடிக்காரர் ஒருநாள் குடிநீர் அலுவலகத்துக்குப் போய், முகமெல்லாம் பல்லாக வந்தார்.

"ஏய், ஒரு நல்ல சேதி. உடம்பு முடியாதுன்னு மருத்துவக் குழு எழுதிக் குடுத்துட்டா உனக்கு ஓய்வு. வீட்டுல ஒருத்தருக்கு அதே ஆபீஸ்ல வேலை. நம்ம பையனுக்குத்தான். சட்டமே இருக்காம்!"

"எனக்குத்தான் கால் வருதேங்க. நேத்துக்கூட வாசல்வரைக்கும் வந்தேனே."

"வாசல்வரைக்கும்தானே வந்தே? ஊரு மீட்டரெல்லாம் நம்ம வாசல்லயா வந்து நிக்குது? மழையில நனைஞ்சது போதும்டி. பையனுக்கு ஒரு வழி பொறந்தா நமக்கு வேற என்ன வேணும்?"

மகன் கண்ணில் ஏறிய வெளிச்சத்தை அவள் பார்த்துவிட்டாள். எத்தனையோ மாதமாகச் செத்துக் கிடந்த முகம் அது. அதைப் பார்த்தபின் அவளுக்கு வாயெடுத்து மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. மறுநாள் அவளுடைய கொக்கியும் வேலைப் பையும் கதவோரத்து ஆணியில் இல்லை. பரணில் ஏற்றிவிட்டதாக மகன் சொன்னான். இனிமேல் எதற்கு என்று நினைத்திருப்பான்.

குழுவின் முன்னால் நன்றாக நடந்துவிட்டால் காரியம் கெட்டுப்போகுமே என்று கண்ணாடிக்காரருக்குக் கவலை. அதனால் ஒத்திகை வைத்தார். துணிக்கடைக்குப் போக வேண்டிய ஆளுயரக் கண்ணாடி ஒன்று முன்னறையில் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் முன்னால் அவளை நிறுத்தி, பின்னால் தான் நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் தெரிந்த உருவத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"டாக்டர் எதிர்ல உக்காந்திருப்பாரு. எதிர்ல இருக்கறவன் கண்ணுக்கு எப்படித் தெரியுதுங்கறதுதான் கணக்கு. இரு, அடையாளம் போட்டுடறேன்."

கண்ணாடி வெட்டுமுன் கோடு போடும் மெழுகுப் பென்சிலை எடுத்து, கண்ணாடியில் ஒரு கால்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். "இந்தக் காலைத்தான் நீ இழுக்கணும்."

எழுத்தைப் புரட்டியே பழகிய புத்தி காலையும் புரட்டிவிட்டது. அவர் குறி போட்டது வலது கால்மேல். நோய் வந்ததோ இடது காலில்.

அவள் குறியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் பெரிய சிக்கலை அவிழ்த்தவர் போல் இடுப்பில் கை வைத்து நின்றார். சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. பிறகு, 'ஆட்டி வைக்கிறவருக்கே எந்தக் கால் என்று தெரியாவிட்டால் நான் எதற்குச் சொல்ல வேண்டும்?' என்று வாயை மூடிக்கொண்டாள். வலது காலை இழுத்துக்கொண்டு முன்னறையில் மேலும் கீழும் நடந்தாள். கண்ணாடிக்காரர் "அபாரம், அபாரம்" என்று தலையாட்டினார். தினமும் காலையில் இந்தக் கூத்து நடந்தது.

மாலையில் காற்று வாங்கட்டும் என்று ஆற்றோரப் பாதையின் முதல் பெஞ்சில் அவளைக் கொண்டுவந்து உட்காரவைப்பார். "எந்திரிக்காதே. கண்ணாடி ஒண்ணு மாட்டிட்டு வந்துடறேன்" என்று சைக்கிளில் போய்விடுவார். அவர் சைக்கிள் திருப்பத்தில் மறைந்ததும் அவள் எழுந்துவிடுவாள்.

எளிய பாதைதான். ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்குக் கீழே ஆறு. மழை விட்ட ஆறு கலங்கி, கட்டைகளையும் பிளாஸ்டிக் புட்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். மறுபக்கம் புல். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் அம்மாக்கள், புதுச் செருப்பு கடித்ததால் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பெண்கள், ஒருவர் முதுகை ஒருவர் பிடித்து ரயில் விடும் பிள்ளைகள் என்று பாதை நிறைந்திருக்கும். அத்தனை பேரும் அவளைத் தாண்டிப் போவார்கள். இப்போதுதான் நடை பழகிய ஒரு பொடிசுகூடத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "சிரிடா, சிரி. உன் வயசுல நானும் இப்படித்தான் ஓடினேன்" என்றாள்.

இடது கால் விரல்கள் தரையில் தட்டும். செருப்பு எப்போது கழன்றது என்றே தெரியாது. பின்னால் வருகிறவர் யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. அடிக்கடி எடுத்துக் கொடுத்தவர் ஒரு குண்டு மனிதர். சர்க்கரை ஏறிவிட்டது, நடக்காவிட்டால் காலை எடுத்துவிடுவோம் என்று டாக்டர் மிரட்டியதால் நடக்க வந்தவர். எல்லாருக்கும் அவர் சர்க்கரைக்காரர்.

"இந்தாம்மா, உங்க செருப்பு. இது உங்களை விட்டு ஓடப் பாக்குது."

"ஓடட்டும். எனக்கு முன்னாடி போய்ச் சேந்தா சரி."

அடுத்த வாரம் செருப்பை விட்டு அலுவலகத்துக்குப் போடும் கான்வாஸ் ஷூவைப் புடவைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்தாள். முதலில் இரண்டாவது பெஞ்ச், பிறகு சாய்ந்த மரம், பிறகு படகுத் துறையின் படிகள் என்று எல்லை நகர்ந்தது. பாதையின் கடைசியில் ஒரு குடிநீர்க் குழாய் இருந்தது. அதன் பக்கத்தில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி. அதைத் தூரத்தில் பார்த்த அன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தன் வழக்கு தீரப்போவது எந்த டாக்டரின் மேசையிலும் இல்லை, இங்கேதான் என்று. நடப்பதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. குந்தி உட்கார்ந்து எழுவதற்குத்தான் சம்பளம்.

கொக்கி பரணில். கடையில் சட்டத்துக்கு வாங்கி மீந்திருந்த கம்பியை வளைத்து முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்தாள். முதல் தடவை மூடி அசையவே இல்லை. இரண்டாம் தடவை மூடி அசைந்தது, அவள் விழுந்தாள். உட்கார்ந்த இடத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. பாதையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடினார்கள். அவளால் ஓட முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்து, குழாயைப் பிடித்து, முட்டிபோட்டு ஒருவழியாக எழுந்தபோது அழுகை வந்தது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை, கோபத்தில் வந்தது. "இரு உன்னை வெச்சுக்கறேன்" என்று மூடியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அன்று பெஞ்சில் நனைந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் பதறிப்போனார். "மழை வருதுன்னா எந்திரிச்சு மரத்தடிக்குப் போகக்கூடாதா?"

"எந்திரிக்காதேன்னு சொன்னீங்களே."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார்.

குழுவின் நாள் நெருங்கியது. அந்த வாரம் படம் ஒன்றுக்குச் சட்டம் போட வேண்டும் என்று சர்க்கரைக்காரர் கடைக்கு வந்தார். அது எந்தக் கடை, யாருடைய வீடு என்று அவருக்குத் தெரியாது. சுவரில் மாட்டியிருந்த குடும்பப் படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார்.

"அடடே, இவங்க உங்க வீட்டம்மாவா? பாதையில தினம் பாக்கறேனே! எங்களையெல்லாம் தாண்டிப் போறாங்க சார். கடைசிக் குழாய் வரைக்கும் போயிட்டுத் திரும்பறாங்க. அவங்களைப் பாத்துத்தான் நானே நடக்கறேன்."

கண்ணாடிக்காரர் கையில் இருந்த சட்டம் மேசைமேல் விழுந்தது. நல்லவேளை, அதில் இன்னும் கண்ணாடி போடவில்லை.

அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே சேதி மகன் காதுக்கும் போய்விட்டது. மகன் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மலையாகக் குவித்தான், வாயில் ஒன்றும் போகவில்லை. கடைசியில், "நாளைக்கு நானும் உன்கூட வரேன்மா. நீ நடக்கிறதை நானும் பாக்கணும்ல" என்றான். குரலில் கல் இருந்தது.

மறுநாள் மாலை மூவரும் பாதைக்கு வந்தார்கள். மேகம் மூடிய மாலை. காற்று ஆற்றைத் தடவிக்கொண்டு வந்து சேற்று வாடையை மூக்கில் அறைந்தது. பச்சைப் பலகையின் கீழே கண்ணாடிக்காரர் நின்றார்.

"பெஞ்சுல உக்காந்து பேசலாம்."

"பேசறதுன்னா நடந்துக்கிட்டே பேசுங்க. நான் உக்கார வரல" என்று அவள் நடக்கத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் இருவரும் பின்னால் போனார்கள்.

"நாலு பேர் பாக்கிறாங்கடி! நாளைக்கழிச்சுக் குழு. இவளா முடியாதவன்னு யாராவது கேட்டா?"

"கேட்டா என்ன? முடியும்னு சொல்லப்போறேன்."

"என்னது!"

"முடியும்னு சொல்லப்போறேன்னு சொன்னேன். காது கேக்கலையா, இல்ல மூச்சு வாங்குதா?"

இரண்டும்தான். கண்ணாடிக்காரர் சைக்கிளில் போய்ப் பழகியவர். சாய்ந்த மரம் வருவதற்குள் இடுப்பில் கை வைத்துவிட்டார். "மெதுவாப் போடி" என்றார். அவள் மெதுவாகப் போகவில்லை.

மகன் எட்டிப் பிடித்து எதிரில் வந்து நின்றான்.

"அம்மா. எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான். அந்தக் கடையில அவன் என்னை நாயேன்னு கூப்பிடறான். பொண்ணு கேக்கப் போனா என்ன வேலைன்னு கேக்கறாங்க. வழி தானா வந்துச்சு. நீ ஒரே ஒரு தடவை, அந்த அறையில கொஞ்ச தூரம், காலை இழுத்து நடந்தாப் போதும். அவ்வளவுதானே கேக்கறேன்?"

"ஒரு தடவையா? நல்லாக் கேட்டேடா. குழு முன்னாடி நொண்டிட்டு வெளியில வந்து நேரா நடந்தா ஊரு சும்மா இருக்குமா? அப்புறம் சாகற வரைக்கும் நான் நொண்டணும். கடைக்குப் போனா நொண்டணும். வாசல் கூட்டறப்ப நொண்டணும். உன் கல்யாணத்துல பந்தல்ல நின்னு, எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே நொண்டணும். இதைத்தாண்டா நீ கேக்கறே."

"உன்னைத் தூக்கினது யாரும்மா?" அவன் குரல் உடைந்தது. "குளிக்க வெச்சது யாரு? தலை வாரினது யாரு? மத்தவங்க வீட்டுல பிள்ளைங்க செய்யறாங்களா? எனக்காக நீ இதுகூடச் செய்ய மாட்டியா?"

அவள் நின்றாள். ஆற்றில் ஒரு மரக்கிளை சுழன்று சுழன்று போயிற்று. அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் அவளைச் சுட்டது.

"நீதாண்டா தூக்கினே" என்றாள். "எந்த அம்மாவுக்கும் கிடைக்காத பிள்ளை நீ. அதுக்கு ஈடா என்ன வேணும்னாலும் கேளு, தரேன். வீட்டைக் கேளு. என் கழுத்துல காதுல இருக்கறதைக் கேளு. ஆனா எதுக்குத் தூக்கினே? அம்மா மறுபடியும் நடக்கணும்னுதானே? தினம் சொன்னியே, 'நீ நடந்துருவேம்மா, நடந்துருவேம்மா'ன்னு. இப்ப நடக்கறேன். நடக்காதேங்கறே. எதைடா நான் நம்பறது?"

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பின்னால் வந்து சேர்ந்த கண்ணாடிக்காரர் மூச்சிரைக்க இடையில் புகுந்தார்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். இவ்வளவு நாள் கண்ணாடி முன்னாடி நான் கத்துக் குடுத்தேனே, நீயும் ஒழுங்கா இழுத்தியே. அப்ப எல்லாம் நடிப்பா?"

"நீங்க எந்தக் காலை இழுக்கச் சொன்னீங்க?"

"நோவு வந்த காலை."

"எதுல குறி போட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார். கண்ணை மூடிக் கண்ணாடியை நினைவுக்குக் கொண்டுவந்தார். கையை இந்தப் பக்கம் நீட்டினார், அந்தப் பக்கம் நீட்டினார். பாதையின் நடுவில் அவள் பின்னால் போய் நின்று பார்த்தார், முன்னால் வந்து நின்று பார்த்தார். தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண் ஒதுங்கிப் போனாள். கடைசியில் தன் காலையே குனிந்து பார்த்தார்.

"ஐயோ" என்றார்.

"ஐயோதான். நல்ல காலை இழுக்கச் சொன்னீங்க. இழுத்தேன். நல்ல காலை இழுத்தா உடம்பை எது தாங்கும்? நோவுக் கால்தானே தாங்கணும்? தினம் காலையில உங்க அபாரம் அபாரத்துக்கு நடுவுல என்னைத் தாங்கினது அந்தக் கால்தான். மொதல்ல வேடிக்கைக்குத்தான் சும்மா இருந்தேன். அப்புறம் பாத்தா, மாலையில இங்க வந்தா விரல் தட்டல. ஷூ தரையில உரசல. நீங்க கெடுக்கப் பாத்தீங்க, அது தேறிடுச்சு."

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா சரியான காலை இழுக்கச் சொல்லியிருப்பீங்களே."

மகனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று அவன் காட்டிக்கொண்டான், ஆனால் அது சிரிப்பு. உடனே அதை விழுங்கிவிட்டு முன்னால் நடந்தான்.

கடைசிக் குழாயடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானைக்குள்ளிருந்து வளைந்த கம்பியை எடுத்தாள். அதைக் கண்டதும் கண்ணாடிக்காரர், "இது என் கடைக் கம்பியாச்சே" என்றார். அவள் மூடியின் துளையில் கம்பியை மாட்டி, இடுப்பைக் கொடுத்து இழுத்தாள். மூடி கறகறவென்று வழிவிட்டது. கால்களை அகட்டி மெல்லக் குந்தி உட்கார்ந்தாள். இடது முட்டி நடுங்கியது. புடவை முனையால் மீட்டரின் முகத்தைத் துடைத்து எண்ணைச் சத்தமாகப் படித்தாள். தெருத் தெருவாகப் படித்த அதே குரல், சண்டைக்கு வருகிறவர்களை வாயடைக்கும் குரல்.

பிறகு எழுந்திருக்க வேண்டும். குழாயைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. பாதி எழுந்ததும் இடது கால் தள்ளாடியது. கண்ணாடிக்காரர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தார்.

"தொடாதீங்க!"

அவர் அப்படியே நின்றார். நீட்டிய கைகள் நீட்டியபடியே இருந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மீதிப் பாதியையும் எழுந்தாள். வியர்வை கழுத்தில் இறங்கியது. நிமிர்ந்து நின்றபோது ஊரில் உள்ள அத்தனை வாசலையும் ஒரே நாளில் படித்து முடித்த சந்தோஷம் அவளுக்கு வந்தது.

"இது என் வேலைடா" என்றாள் மகனைப் பார்த்து. "நான் செத்தா எடுத்துக்கோ. உசுரோட இருக்கறப்பப் பிடுங்காதே."

மகன் குனிந்து, திறந்து கிடந்த மூடியை வெறுங்கையால் தள்ளி மூடினான். கைத் தூசியைத் தட்டிவிட்டு, இவர்களுக்குக் காத்திராமல் விறுவிறுவென்று திரும்பி நடந்தான். அவனுடைய முதுகு பலகையைத் தாண்டி மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வலித்தது. வலித்தாலும் பின்னால் கூப்பிடவில்லை.

குழுவுக்கு மகன் வரவில்லை. கண்ணாடிக்காரர் மட்டும் வந்து கதவருகில் நின்றார். உள்ளே மூன்று டாக்டர்கள். ஒருவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, "எந்தக் கால்லம்மா குறை?" என்று கேட்டார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க டாக்டர்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் நடந்தாள். சுவர்வரை போய்த் திரும்பி, மேசைவரை வந்து, மறுபடியும் சுவர்வரை போனாள். கேட்காமலே நடு அறையில் குந்தி உட்கார்ந்து எழுந்தாள். கான்வாஸ் ஷூ தரையில் கீச்சிட்டது.

"வலதுதானே?" என்றார் நடுவில் இருந்தவர், கொஞ்சம் சந்தேகமாக.

கதவருகில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர்தான். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "மன்னிச்சுக்கங்க டாக்டர். நானும் வலதுன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"எழுதிக்கோங்க டாக்டர்" என்றாள் அவள். "நான் வேலைக்குப் போறேன்னு எழுதுங்க."

எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது முன்னறைக் கண்ணாடியில் பெருக்கல் குறி இன்னும் இருந்தது. ஈரத்துணியை எடுத்து, மீட்டர் முகத்தைத் துடைப்பதுபோல ஒரே வீச்சில் துடைத்தாள். திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். கதவோரத்து ஆணியில் பை தொங்கியது. பைக்கு மேலே கொக்கி. காலையில் கடைக்குப் போகுமுன் யாரோ பரணில் ஏறியிருக்கிறார்கள்.

மாலையில் மகன் வந்தான். செருப்பை உதறினான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு குடித்தான். அவள் கொக்கியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடா இது, முனையெல்லாம் துரு? பரண்ல போடறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு எண்ணெய் விடத் தெரியாதா?"

"அது மறுபடி இறங்கி வரும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றான் அவன், இன்னும் கோபமாகத்தான். எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி அவள் பக்கம் வைத்தான். "அந்த முதலாளிகிட்ட இன்னிக்கு நான் சொல்லிட்டேன். இன்னொரு தடவை நாயேன்னா பல்லு இருக்காதுன்னு."

கண்ணாடிக்காரர் கண்ணாடி வெட்டும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அப்புறம்? வேலை போச்சா?"

"போகல. அவன் மூஞ்சிதான் தொங்கிப்போச்சு."

மீட்டரக்கா கொக்கிக்கு எண்ணெய் தடவினாள். சிரிப்பை அடக்கிக்கொள்ளத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதை மொதல்லயே செஞ்சிருந்தா என் காலை விட்டிருப்பியேடா" என்றாள்.